சமத்துவப் பொங்கலும் முக்கால் மீட்டர் மண்ணும்: ஒரகடம் சாலையில் பண்பாட்டுக் கொண்டாட்டங்கள்

பண்பாட்டுப் பன்மைக்கான உலக நாளாக ஐ.நா. பொது அவை 2002 டிசம்பரில் குறித்த தேதி மே 21. ஸ்ரீபெரும்புதூரில் அந்தத் தேதி அதற்கு முன்பே வேறொன்றுக்கு உரியதாகிவிட்டது. 1991இல் அதே நாளில்தான் ராஜீவ் காந்தி இங்கே கொல்லப்பட்டார். நாடெங்கும் அரசு அலுவலகங்களில் அன்று பயங்கரவாத எதிர்ப்பு உறுதிமொழி வாசிக்கப்படுகிறது. கல்லூரிகளுக்கோ அது தேர்வு முடிந்து விடுதிகள் காலியாகும் காலம். ஆலைகளும் பொறியியல் கல்லூரிகளும் வரிசைகட்டி நிற்கும் இந்தப் பகுதியில், பன்மையைக் கொண்டாட உலகம் தேர்ந்தெடுத்த நாள் சத்தமில்லாமல் கடந்துபோகிறது.

கொண்டாட்டங்களுக்கு அதனால் குறைவில்லை. தை பிறக்கும் முன்பே கல்லூரி வளாகங்களில் பானை ஏறுகிறது. வேட்டி, சேலை, உறியடி, கோலப் போட்டி, பறையாட்டம், வழக்காடு மன்றம் என்று ஒரு நாள். ‘ட்ரடிஷனல் டே’ என்று இன்னொரு நாள். டிசம்பர் 11இல் பாரதி பிறந்தநாளை ஒட்டி இந்திய மொழிகள் நாள். இடையில் ஏதாவதொரு மாநிலத்தின் உணவும் உடையுமாக ஒரு மதியம். இவற்றுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் நோக்கங்கள் இரண்டு: மரபைக் காப்பது, பன்மையைப் போற்றுவது. இரண்டும் இயல்பாக ஒன்றோடொன்று பொருந்திவிடும் என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. பொருந்துகிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அதைச் சோதித்துப் பார்க்க, ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே ஒரகடத்தை அடுத்துள்ள வடக்குப்பட்டு என்ற சிற்றூர் உதவும்.

1. மாதம் என்ற வடிவம்

ஒரு சமூகத்தின் வரலாற்றுக்கு ஒரு மாதத்தை ஒதுக்கும் வழக்கத்தின் பிறப்பிடங்களில் ஒன்று கல்லூரி வளாகம். அமெரிக்காவில் கார்ட்டர் ஜி. உட்சன் என்ற வரலாற்றாசிரியர் 1926 பிப்ரவரியில் கறுப்பின வரலாற்றுக்கென ஒரு வாரத்தைத் தொடங்கிவைத்தார். ஆபிரகாம் லிங்கன், ஃபிரெடெரிக் டக்ளஸ் இருவரின் பிறந்தநாளும் அந்த வாரத்தில் வருகின்றன. வாரம் மாதமானது ஒஹாயோ மாநிலத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில். அங்கிருந்த கறுப்பின மாணவர் அமைப்பு 1969இல் கோரிக்கை வைத்தது. 1970 ஜனவரி 2 முதல் பிப்ரவரி 28 வரை முதல் கொண்டாட்டம் நடந்தது. அமெரிக்க அதிபர் ஃபோர்டு அதை அங்கீகரிக்க மேலும் ஆறாண்டுகள் ஆயின.

இந்த வரிசை முக்கியமானது. முதலில் கோரிக்கை, பிறகு கொண்டாட்டம், கடைசியில்தான் அரசின் அங்கீகாரம். பாடப்புத்தகத்தில் தங்களுக்கு இடமில்லை என்று கண்ட மாணவர்கள் நாட்காட்டியில் இடம் பிடித்தார்கள். சிறுபான்மையினர் கையில் அது ஒரு கருவி.

கனடாவின் தமிழ் மரபுத் திங்களும் ஏறக்குறைய அதே வழியில் வந்தது. ஒன்டாரியோ மாகாணம் 2014இல் சட்டம் இயற்றியது. கூட்டாட்சி நாடாளுமன்றம் தன் உறுப்பினர் கேரி ஆனந்தசங்கரி கொண்டுவந்த தீர்மானத்தை 2016 அக்டோபர் 5 அன்று ஏற்று, நாடு முழுமைக்கும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக்கியது. இதற்குப் பின்னால் 1983க்குப் பிந்தைய ஈழப் புலப்பெயர்வும், 2009இல் டொராண்டோ வீதிகளை நிறைத்த போராட்டங்களும் இருந்தன. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கான 30 லட்சம் டாலர் நிதி, சமூகத்தின் சிறு நன்கொடைகளும் சேர்ந்து 2021இல் நிறைவடைந்தது. ஸ்கார்பரோவில் வெண்பனிக்கு நடுவே பொங்கும் பானை, “நாங்களும் இங்கே இருக்கிறோம்” என்கிறது.

அதே பானையை ஸ்ரீபெரும்புதூரில் வைத்தால் அது என்ன சொல்லும்? இங்கே தமிழர் பெரும்பான்மையினர். இடம் கேட்க வேண்டியவர்கள் அவர்கள் அல்லர். இடம் கொடுக்க வேண்டியவர்கள். வடிவம் ஒன்றாக இருந்தாலும் வேலை மாறிவிடுகிறது. மரபுத் திங்களை இங்கே இறக்குமதி செய்யலாம் என்று சிலர் ஆர்வத்தோடு பேசும்போது இந்த வேறுபாடு பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

2. தையும் சுற்றறிக்கையும்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் தை மாதத்துக்கும் மாணவர் எழுதிய வரலாறு ஒன்று உண்டு. 1965 ஜனவரி இறுதியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்கள் கல்லூரி மாணவர்கள். ஜனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின், 2017 ஜனவரியில், சல்லிக்கட்டுக்காக மெரினாவில் ஒரு வாரம் திரண்டவர்களிலும் பெரும்பகுதி கல்லூரி மாணவர்களே. இரண்டு நிகழ்வுகளையும் எப்படி மதிப்பிட்டாலும், எவரும் சுற்றறிக்கை அனுப்பி அந்தக் கூட்டங்கள் கூடவில்லை என்பதை மறுக்க முடியாது.

இன்றைய நிலை அப்படியில்லை. கல்லூரிப் பண்பாட்டு நாட்காட்டியின் பெரும்பகுதி மேலிருந்து வருகிறது, அதுவும் இரண்டு திசைகளிலிருந்து. ஒன்றிய அரசு 2015 அக்டோபர் 31 அன்று ‘ஒரே பாரதம் உன்னத பாரதம்’ திட்டத்தை அறிவித்தது. மாநிலங்கள் இணை இணையாகச் சேர்க்கப்பட்டன. கல்லூரிகளில் அதன் பெயரில் மன்றங்கள் தொடங்கப்பட்டன. காசி தமிழ்ச் சங்கமம் 2022 நவம்பர் 16 முதல் டிசம்பர் 16 வரை ஒரு மாதம் நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யும் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகமும் அதன் அறிவுப் பங்காளிகள். தமிழ்நாட்டிலிருந்து சுமார் 2,500 பேர் அழைத்துச் செல்லப்பட்டனர், மாணவர்கள் அதில் ஒரு பிரிவு. மாநில அரசு தன் பங்குக்கு 2023இல் கல்லூரி மாணவர்களுக்கான ‘மாபெரும் தமிழ்க் கனவு’ என்ற பண்பாட்டுப் பரப்புரையைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியே தொடங்கியது. அண்ணா பல்கலைக்கழகம் 2022-23 கல்வியாண்டில் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களுக்குத் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்ற இரண்டு தாள்களைக் கட்டாயமாக்கியது.

ஒரு தரப்பு தமிழ்நாடு காசியோடு கொண்ட உறவைக் காட்ட விரும்புகிறது; மறு தரப்பு தமிழின் தனித்த தொன்மையை. அரசியல் எதிரெதிரானது. நடைமுறை மட்டும் ஒன்றுதான்: நிகழ்ச்சி நடத்து, படம் எடு, அறிக்கை அனுப்பு. தரமதிப்பீட்டுக் குழு வரும்போது அந்தக் கோப்பு பயன்படும்.

இந்தப் போக்கை விளக்க மேலை ஆய்வுலகில் சில கருத்தாக்கங்கள் உண்டு. ஸ்டான்லி ஃபிஷ் 1997இல் எழுதிய கட்டுரையொன்றில், உணவகத்தோடும் வார இறுதித் திருவிழாவோடும் நின்றுவிடும் பன்மை ரசனையைத் துணிக்கடை ரசனைக்கு ஒப்பிட்டார்: பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம், உறுத்துவதை அலமாரியிலேயே விட்டுவிடலாம். சாரா அகமது 2012இல் வெளியிட்ட நூலில், பல்கலைக்கழகங்களில் பன்மைக்கெனப் பணியமர்த்தப்பட்டவர்களிடம் பேசி, பன்மையைப் பற்றி ஆவணம் தயாரிப்பதே பன்மைக்காகச் செய்யும் வேலையாக மாறிவிடுவதைக் காட்டினார். எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983இல் தொகுத்த நூல், பழமையானவை என்று தோன்றும் சடங்குகள் பல அண்மையில் வடிவமைக்கப்பட்டவை என்றது.

இவை மூன்றும் உதவும், ஓரளவுக்கு. கல்லூரிப் பொங்கலுக்குச் சூட்டப்படும் ‘சமத்துவப் பொங்கல்’ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். புதிதாக வடிவமைக்கப்பட்டது என்பதால் அது பொய்யாகிவிடாது. சாதி, மதம் பாராமல் ஒரே பானையில் பொங்கி உண்பது என்ற கருத்துக்குத் திராவிட இயக்க மரபில் ஆழமான வேர் உண்டு. குறை வேறிடத்தில் இருக்கிறது. சமத்துவம் என்ற சொல், அது எதிர்க்கும் பொருளின் பெயரை உச்சரிக்காமலே மேடையேறுகிறது. விடுதி அறை ஒதுக்கீட்டிலும், மணிக்கட்டுக் கயிற்றின் நிறத்திலும், நண்பர் குழுக்களிலும் சாதி எப்படி நுழைகிறது என்பது அந்த நாளின் பேச்சில் இடம்பெறுவது அரிது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்ட பிறகே நீதிபதி கே.சந்துரு குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அது அளித்த அறிக்கை பெரும்பாலும் பள்ளிகளைப் பற்றியது. அந்தப் பள்ளிகளிலிருந்துதான் கல்லூரிக்கு மாணவர் வருகிறார்கள்.

இன்னொரு முரண், இந்தப் பகுதிக்கே உரியது. பொங்கல் அறுவடைத் திருநாள். ஏரிப் பாசன நெல்வயல்களாக இருந்த நிலங்கள்தான் இங்கே தொழிற்பேட்டைகளாகவும் கல்லூரி வளாகங்களாகவும் மாறின. கரும்பும் மாட்டு வண்டியும் அன்றைக்கு மட்டும் வெளியிலிருந்து வருகின்றன. வண்டியில் ஏறிப் படம் எடுத்துக்கொள்ளும் மாணவருக்கு, நிற்கும் இடம் எந்த ஏரியின் ஆயக்கட்டு என்று யாரேனும் சொன்னால் அதுவே பாதி மரபுப் பாடம்.

3. உள்ளே காஷ்மீர், வெளியே ஒடிசா

‘ஒரே பாரதம்’ திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வாய்த்த இணை ஜம்மு காஷ்மீர். எனவே தமிழ்நாட்டுக் கல்லூரி மன்றங்கள் காஷ்மீரின் உடை, உணவு, மொழி பற்றி நிகழ்ச்சிகள் நடத்துகின்றன. அதில் பிழையில்லை. ஆனால் கல்லூரிப் பேருந்து வளாக வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்ததும் காண்பது வேறொரு இந்தியா. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள் ஆலைச் சீருடையிலும் கட்டட வேலைத் தலைக்கவசத்திலும் சாலையோரம் நிற்கிறார்கள். வயது, மாணவர்களின் வயதுதான்.

இந்தச் சாலையின் குடியமைப்பு கால் நூற்றாண்டில் உருவானது. ஹூண்டாய் 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து தன் முதல் காரை வெளியிட்டது. நோக்கியா வந்து, 2014இல் மூடிவிட்டுப் போனது. ரெனோ-நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ் என்று ஒரகடம் நிரம்பியது. ஸ்ரீபெரும்புதூரில் கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை தொங்கும் உணவகங்கள் இன்று புதுமையே இல்லை. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்ட தொழிலாளர் குடியிருப்பில் 18,720 பெண்கள் தங்கலாம், செலவு 706.50 கோடி ரூபாய். எந்தக் கல்லூரி விடுதியும் எளிதில் எட்ட முடியாத எண்ணிக்கை அது. இளம்வயதினர் செறிந்து வாழும் இடம் என்ற பொருளில், இந்தப் பகுதியின் மிகப் பெரிய ‘வளாகம்’ கல்லூரி அல்ல. எந்தப் பண்பாட்டு மன்றத்தின் அழைப்பிதழும் வழக்கமாக அந்த வாசலுக்குப் போவதில்லை.

போகாததன் விலை என்னவென்று 2023 மார்ச் தொடக்கத்தில் தெரிந்தது. பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துச் சென்றது. தமிழ்நாட்டுக் காவல்துறை மறுப்பு மேல் மறுப்பு வெளியிட்டது. வதந்தி பொய்தான். அது பரவ ஏதுவாக இருந்த தூரம் பொய்யில்லை. ‘வடக்கன்’ என்ற சொல் டீக்கடையிலும் கல்லூரி வாட்ஸ்அப் குழுவிலும் புழங்கும் தொனியை அறிந்தவர்களுக்கு அந்தத் தூரத்தை அளந்து காட்டத் தேவையில்லை.

கொண்டாட்ட நாட்காட்டியே இந்தத் தூரத்தை வேறொரு விதத்தில் பதிவு செய்கிறது. தமிழ்த் தொழிலாளி எந்திரத்துக்குப் பொட்டு வைப்பது ஆயுத பூஜையன்று. ஒடிசா, வங்கம், பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களுக்கு எந்திரத்தை வணங்கும் நாள் விசுவகர்மா பூஜை, வழக்கமாக செப்டம்பர் 17. ஒரே எந்திரத்துக்கு ஆண்டில் இரண்டு பூஜை. பொறியியல் கல்லூரி ஒன்று பன்மையைப் பற்றிக் கருத்தரங்கு நடத்த இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்குமா என்று தெரியவில்லை.

4. தொலைவில் தேடிய உறவு

கல்லூரிப் பண்பாட்டு விழாக்களில் இப்போது அடிக்கடி தலைகாட்டும் ஒரு செய்தி, தமிழ்–கொரிய உறவு. ‘அம்மா’, ‘அப்பா’ என்ற சொற்கள் இரு மொழியிலும் ஒத்திருப்பதைக் காட்டும் பட்டியல்கள், கொரிய அரசி ஒருவர் தென்னாட்டிலிருந்து கடல் கடந்து சென்றார் என்ற கதை. ஹூண்டாய் இருக்கும் ஊரில் இந்த ஆர்வம் புரிந்துகொள்ளத்தக்கதே. இதற்குப் பழைய அறிவுலக முன்னோடியும் உண்டு: ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூல் வெளியிட்டார். ஆனால் இன்றைய மொழியியலில் அந்த உறவு ஏற்கப்படவில்லை. அம்மா, அப்பா போன்ற மழலைச் சொற்கள் தொடர்பே இல்லாத மொழிகளிலும் ஒத்து வருவது இயல்பு. அரசியின் கதை 13ஆம் நூற்றாண்டுக் கொரிய நூலொன்றில் ‘அயுதா’ என்ற நாட்டின் பெயரோடு வருகிறது; அதே பெயரை வைத்து உத்தரப் பிரதேசத்தின் அயோத்தியில் 2001இல் நினைவுச் சின்னமே எழுப்பப்பட்டுவிட்டது. ஒரு பெயருக்கு இரண்டு உரிமையாளர்கள்.

ஏழு கடல் தாண்டிய உறவைத் தேடும் அதே வேளையில், நிறுவப்பட்ட உறவொன்று சாலையின் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘தமிழர் மரபு’ப் பாடத்திட்டத்தின் முதல் அலகு, இந்திய மொழிக்குடும்பங்களையும் திராவிட மொழிகளையும் கொண்டு தொடங்குகிறது. திராவிடக் குடும்பம் என்றதும் மாணவர் சொல்வது நான்கு பெயர்கள். ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் ஓராவோன் பழங்குடியினர் பேசும் குருக் மொழி திராவிடக் குடும்பத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அதைத் தாய்மொழியாகக் கூறியோர் ஏறத்தாழ 20 லட்சம். ஒடிசாவின் கந்தமாலில் கொந்தர் பேசும் குயி மொழியும் அந்தக் குடும்பமே. ராஜ்மகால் மலையின் மால்டோவும் அப்படித்தான். குருக் பேசுபவர் கண்ணைக் குறிக்கச் சொல்லும் சொல், முதலெழுத்து தொண்டையில் சற்றே உரச, ஏறக்குறைய ‘கன்’ என்றே ஒலிக்கும், குயியில் ‘கனு’.

ஆலைச் சாலையில் ‘இந்திக்காரன்’ என்று மொத்தமாக அழைக்கப்படும் கூட்டத்தில், வீட்டில் இந்தியே பேசாத, தமிழின் தூரத்துச் சொந்தமான மொழியைப் பேசும் ஒருவர் இருக்க முழு வாய்ப்பு உண்டு. அவரை மேடையேற்றி நடனமாடச் சொல்ல வேண்டியதில்லை. அவர் மொழியின் பெயரைக் கேட்டாலே மரபும் பன்மையும் தனித்தனிப் பெட்டிகள் என்ற எண்ணம் ஆட்டம் காணும். தமிழ் உணர்வு மிகுந்த தமிழ் மன்றங்கள் இதை ஏன் தவறவிட்டன என்பது வியப்பு. நான்கு மாநில மொழிகளின் எல்லையைத் திராவிடத்தின் எல்லையாகக் கொண்டுவிட்ட அரசியல் பழக்கம் ஒரு காரணமாக இருக்கலாம். பழங்குடியினர் மீதான பொதுவான பாராமுகம் இன்னொன்று.

அந்தப் பாராமுகத்துக்கு வட மாநிலம் வரை போகவும் வேண்டாம். காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் இருளர்கள் ஆண்டுதோறும் மாசி மகத்தில் மாமல்லபுரக் கடற்கரையில் கூடுகிறார்கள். திருமணங்கள் நிச்சயமாகின்றன, குலதெய்வமான கன்னியம்மாளுக்குப் படையல் நடக்கிறது. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர் பாம்புபிடி வல்லுநர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கல்லூரிக் கொண்டாட்டப் பட்டியலில் மாசி மகம் இருப்பது அரிது. காஷ்மீர்ப் பூவேலை உடை எளிதில் இடம்பெற்றுவிடும்.

5. வடக்குப்பட்டின் அடுக்குகள்

‘வடக்கு’ வசைச் சொல்லாகிவிட்ட சாலையில், வடக்கைப் பெயரிலேயே தாங்கிய ஊர் ஒன்று இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டம் 2022இல் வடக்குப்பட்டில் அகழாய்வு நடத்தியது. மேற்பரப்பிலிருந்து சுமார் 75 செ.மீ. ஆழத்திலேயே கற்கருவிகள் கிடைத்தன. அதற்கு மேலான அடுக்குகளில் சங்க காலத்துக்கு உரியவை என்று கருதப்படும் பானை ஓடுகள், கண்ணாடி மணிகள், ரோமானியச் சாடிகளின் துண்டுகள். பல்லவர் காலத்துச் சிற்பங்களும் அங்கே காணப்பட்டன. முக்கால் மீட்டர் என்பது மின்கம்பம் நட வெட்டும் குழியைவிட ஆழம் குறைவு.

செய்திகளில் ‘12,000 ஆண்டுப் பழமை’ என்ற எண் முன்னுக்கு வந்தது; இடைக்கற்காலக் கருவிப் பட்டறை என்றும் சொல்லப்பட்டது. தொழிற்பேட்டைக்கு அடியிலேயே ஒரு தொழிற்பேட்டை என்று மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். ஆய்வு நோக்கில் இங்கே சற்று நிதானம் வேண்டும். 12,000 என்பது இடைக்கற்காலம் என்ற வகைப்பாட்டை ஒட்டிய தோராயக் கணக்காகவே தோன்றுகிறது. கிடைத்தவற்றின் பட்டியலில் கைக்கோடரி, வெட்டுக்கருவி போன்றவையும் சொல்லப்பட்டன. கைக்கோடரி பொதுவாகப் பழைய கற்காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் கருவி. எனவே அடுக்குகளின் காலத்தை எண்ணோடு நிறுத்தாமல் கேள்வியாகவே வைத்திருப்பது நல்லது. ஒப்பிட அருகிலேயே சான்றுகள் உண்டு. இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கமாகக் கருதப்படும் கற்கருவியை ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று கண்டெடுத்தது பல்லாவரத்தில். திருவள்ளூர் மாவட்டத்தின் அதிரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் முறையான காலக்கணிப்புகளின் வழியே 15 லட்சம் ஆண்டுகள் வரை செல்லும் சான்றுகளை வெளியிட்டனர். அந்த ஆய்வு பல்லாண்டு பொறுமையில் விளைந்தது.

ரோமானியச் சாடிக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். இந்தியாவில் ரோமானியம் என்று முன்பு குறிக்கப்பட்ட சாடித் துண்டுகள் சிலவற்றைத் தொல்லியலாளர் ராபர்ட்டா டோம்பர் மறுஆய்வு செய்து, அவை மெசபடோமியப் பகுதியின் கூம்புச் சாடிகள் என்று காட்டினார். சாடி கிடைத்ததால் ரோமர் வந்து தங்கினர் என்றும் ஆகிவிடாது. பழந்துறைமுகமான அரிக்கமேட்டின் வணிகர் கையிலிருந்து கைமாறி உள்நாட்டுக்கு வந்திருக்கலாம். எப்படி வந்திருந்தாலும், இந்த மண்ணின் ‘சங்க காலம்’ என்று அழைக்கப்படும் அடுக்கில் அயல்நாட்டுப் பொருள் கலந்தே கிடைக்கிறது. தூய்மையை எதிர்பார்த்துத் தோண்டுபவருக்கு வடக்குப்பட்டு ஏமாற்றம் தரும்.

மேலே வாகன ஆலைகள், கீழே கற்கருவிகள், நடுவே கண்ணாடி மணிகள். ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ தாளின் உற்பத்தித் தொழில்நுட்ப அலகில் மணி செய்தல், இரும்பு உருக்குதல், நாணயம் அச்சிடுதல் எல்லாம் பாடம். அந்தப் பாடத்துக்கான சான்று கல்லூரிப் பேருந்து ஓடும் சாலையருகே இருக்கிறது. பெரும்பாலான மாணவர் அதை வினா-விடைக் குறிப்பேட்டில் படித்து எழுதித் தேறுகிறார்கள். ஒரு தாளுக்கு ஒதுக்கப்பட்டது மொத்தம் 15 மணி நேரம், ஒரு மதிப்பலகு. ஆசிரியரைக் குறைசொல்லிப் பயனில்லை.

6. காஞ்சிக்கு வந்த வெளியூர் மாணவன்

வெளிமாநில மாணவர் பிரச்சினை இந்தப் பகுதிக்குப் புதிதன்று. காஞ்சிபுரத்தில் கடிகை என்ற உயர்கல்வி நிலையம் இருந்தது. கர்நாடகத்தின் தாளகுண்டாவில் 5ஆம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு ஒன்று, மயூரசர்மன் என்ற இளைஞன் தன் ஆசானுடன் அங்கே படிக்க வந்ததையும், பல்லவக் குதிரை வீரன் ஒருவனுடன் ஏற்பட்ட சச்சரவில் அவமதிக்கப்பட்டுப் படிப்பை விட்டதையும், வாளெடுத்துக் கதம்ப அரசை நிறுவியதையும் சொல்கிறது. எழுதியவர்கள் அவனுடைய வழித்தோன்றல்களின் அவையினர், மிகைப்படுத்தல் இருக்கும். குதிரை வீரனின் தரப்பு நமக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் கல்விச்சாலைக்கு உள்ளே கிடைத்த மதிப்பு அதன் வாசலுக்கு வெளியே கிடைக்காமல் போன அந்தக் கதையைப் படிக்கையில், ஒரகடம் சாலையை அறிந்தவர் ஒரு கணம் நிற்பார்.

அதே காஞ்சிக்கு 7ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி யுவான் சுவாங் வந்தார். நாலந்தாவின் தலைமை ஆசிரியர்களில் ஒருவரான தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்பது மரபு. பௌத்தமும் சமணமும் சைவமும் வைணவமும் ஒரே நகரில் வாதிட்டன. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர் காஞ்சியில் பயின்று, தம் ஆசிரியர் யாதவப்பிரகாசரோடு கருத்து முரண்பட்டுப் பிரிந்தார். இந்த மரபின் சாரம் வாதம். கல்லூரிக் கொண்டாட்டத்தில் முதலில் விடுபடுவதும் அதுதான். பட்டிமன்றத்தில்கூடத் தலைப்பு முன்கூட்டியே பாதுகாப்பாக்கப்பட்டுவிடுகிறது.

7. செய்யக்கூடியது

கொண்டாட்டத்தைக் கைவிடச் சொல்வது இக்கட்டுரையின் முடிவு அன்று. உறியடிக்கு ஒரு நியாயம் உண்டு: முதலாண்டு மாணவர் ஒருவர் முதன்முறையாகக் கூட்டத்தில் சிரிப்பது அன்றைக்காக இருக்கலாம். ஊர் பேர் தெரியாத வளாகத்தில் அது சிறிய காரியமில்லை. ஆனால் மரபு, பன்மை என்ற இரு சொற்களையும் பதாகையில் அச்சிடும் நிறுவனம் அவற்றுக்குக் கொஞ்சமாவது பொறுப்பேற்க வேண்டும். மாநில இணைகளைத் தில்லி தீர்மானிக்கட்டும். தன் வாசலுக்கு எதிரே யார் வாழ்கிறார்கள் என்பதைக் கல்லூரியே பார்த்துக்கொள்ளலாம். ஸ்ரீபெரும்புதூரிலேயே இளைஞர் மேம்பாட்டுக்கென 1993இல் தொடங்கப்பட்டு, 2012 சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ராஜீவ் காந்தி நிறுவனம் இருக்கிறது. சாலையின் இளைஞர்களைப் பற்றிய ஆய்வில் சுற்றுவட்டாரக் கல்லூரிகளோடு கைகோக்க அதைவிடப் பொருத்தமான நிறுவனம் இந்தப் பகுதியில் இல்லை.

மரபுத் தாளின் 15 மணி நேரத்தில் இரண்டை வகுப்பறைக்கு வெளியே செலவிட்டால் போதும். ஒரு மணி நேரம் வடக்குப்பட்டுக்கு: குழிகள் மூடப்பட்டிருந்தாலும் மண்ணின் மேடு பள்ளத்தையும் ஏரியின் கிடப்பையும் பார்த்து, மனிதர் ஏன் இங்கே திரும்பத் திரும்பக் குடியேறினர் என்று கேட்கலாம். இன்னொரு மணி நேரம், முதல் அலகின் முதல் தலைப்பான மொழிக்குடும்பங்களுக்கு. அதைக் கல்லூரி வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடையில், ஷிஃப்ட் முடிந்து வரும் ஒருவரிடம் “உங்க வீட்ல என்ன மொழி பேசுவீங்க?” என்று கேட்டுத் தொடங்கலாம். அதற்கு எந்தத் துறையின் சுற்றறிக்கையும் தேவையில்லை.